பவர் என்றால் முடியும்

பவர் என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன என்று கேட்டால் ஒரே பதில் கிடையாது. மின்சாரம், அதிகாரம், ஆட்சி, திறன், ஆற்றல், வல்லமை, வலு, அடுக்கு என்று இடத்துக்கு இடம் வேறு வேறாகச் சொல்ல வேண்டியிருக்கும். மொழிபெயர்ப்பவர்கள் அடிக்கடி சறுக்கி விழுகிற சொல் இது. அகராதியில் முதலில் கண்ணில் படும் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போவதுதான் காரணம். அந்தச் சொல் எந்த வழியாக வந்தது என்று தெரிந்துகொண்டால் எந்த இடத்தில் எதைப் போடுவது என்பது பாதிக்கு மேல் விளங்கிவிடும். இத்தனை பொருளுக்கும் அடியில் கிடப்பது ஒரே ஒரு வினைதான்: முடியும்.

லத்தீனில் பொட்டிஸ் என்றால் வல்லவன், இயன்றவன். எஸ்ஸே என்றால் இருத்தல். இரண்டும் ஒட்டிச் சுருங்கிப் பொஸ்ஸே ஆயிற்று: வல்லவனாக இருத்தல், அதாவது முடிதல். பேச்சு லத்தீனில் அந்த ஒழுங்கற்ற வடிவம் வாயில் நிற்கவில்லை. மற்ற வினைகளைப் போலவே ஆக்கி, பொட்டேரே என்று சொல்லத் தொடங்கினார்கள். அது பழைய பிரெஞ்சில் பொதிர் ஆகி, நடுவிலிருந்த தகர ஒலி தேய்ந்து, பொஎயிர் என்று இளைத்தது. 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அவர்களுடைய பிரெஞ்சு அங்கே அரசவைக்கும் வழக்குமன்றத்துக்கும் உரிய மொழியாக இருந்தது. அந்த வழியில் இந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் வந்து 1300 வாக்கில் எழுத்தில் தென்படுகிறது.

வரும்போதே அது பெயர்ச்சொல். பிரெஞ்சில் வினையின் அடிப்படை வடிவத்தையே பெயராகவும் வழங்குவார்கள். இன்றைக்கும் பூவ்வார் என்றால் முடிதல் என்றும் அதிகாரம் என்றும் இரண்டு பொருளும் உண்டு. ஆங்கிலம் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு வினையை அங்கேயே விட்டுவிட்டது. ஆகவே ஆங்கிலம் பேசுகிறவர் காதில் பவரின் உள்ளே ‘முடியும்’ ஒலிப்பதில்லை. நம் காதில் ஒலிக்கும். ஆற்று என்பது வினை, ஆற்றல் அதன் தொழிற்பெயர். ‘ஆற்றுவார் ஆற்றல் பசியாற்றல்’ என்று 225ஆம் குறள் தொடங்கும்போது வினையும் பெயரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. பிரெஞ்சில் நடந்ததும் இதேதான்.

நடுவில் இருக்கும் வகரமும் நமக்குப் பழக்கமானது. லத்தீன் பொட்டேரேயில் வ் கிடையாது. தகரம் தேய்ந்துபோனதும் இரண்டு உயிர்கள் நேருக்கு நேர் நின்றன. அந்த இடைவெளியை நிரப்பப் பிரெஞ்சு ஒரு வகரத்தைச் செருகிக்கொண்டது. திரு, அருள் இரண்டும் சேர்ந்தால் திருவருள் ஆகிறதே, அந்த உடம்படுமெய்தான். ஆங்கில எழுத்திலுள்ள வகரமும் உகரத்தின் இழுவையில் வந்ததுதான், வேரில் இருந்ததல்ல. நாம் பவர் என்று எழுதும்போது அந்த உடம்படுமெய்யைத்தான் நடுவில் உட்காரவைக்கிறோம்.

இரண்டு படை, இரண்டு சொல்

842 பிப்ரவரி 14. பிராங்க் பேரரசன் சார்லமேனின் பேரன்கள் இருவர், ஜெர்மானியன் லூயியும் வழுக்கையன் சார்லஸும், அண்ணன் லொத்தாருக்கு எதிராகக் கைகோத்து ஸ்ட்ராஸ்பர்க்கில் சத்தியம் செய்கிறார்கள். அடுத்தவனுடைய படைக்குப் புரிய வேண்டும் என்பதால் மொழியை மாற்றிக்கொள்கிறார்கள். ஜெர்மன் பக்கத்து லூயி பிரெஞ்சின் தொடக்க வடிவத்தில் பேசுகிறான், சார்லஸ் ஜெர்மனில் பேசுகிறான். நித்தார்ட் என்ற வரலாற்றாசிரியர் (இவரும் சார்லமேனின் பேரன்தான், மகள் வழியில்) இரண்டையும் அப்படியே எழுதி வைத்தார். பிரெஞ்சு மொழியில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்து என்று லூயி சொன்ன அந்த வாசகத்தைத்தான் காட்டுகிறார்கள்.

அதில் ஒரு தொடர்: ‘இன் குவாண்ட் தேயுஸ் சாவிர் எத் பொதிர் மே துனாத்’. கடவுள் எனக்கு அறிதலும் முடிதலும் தருகிற அளவுக்கு என்று பொருள். அந்தப் பொதிர்தான் நம் பவரின் முப்பாட்டன். அதே இடத்தில் ஜெர்மன் வாசகத்தில் நிற்கும் சொல் மஹ்த். அதன் ஆங்கில உடன்பிறப்பு மைட். பவர், மைட் என்று ஆங்கிலம் பிற்பாடு சேர்த்து வைத்துக்கொண்ட இரண்டு சொற்களின் முன்னோர்கள் ஒரே நாளில், ஒரே உடன்படிக்கையில், எதிரெதிரே நின்றிருக்கிறார்கள்.

மைட்டும் முடியும்தான். பழைய ஆங்கிலத்தில் மாகன் என்ற வினைக்கு ‘இயலுதல்’ என்று பொருள். அதன் பெயர்தான் மிஹ்த், இன்றைய மைட். அந்த வினை இன்னும் சாகவில்லை, மே என்ற துணைவினையாக வாழ்கிறது. ஆனால் அதன் பொருள் வழுக்கி நகர்ந்துவிட்டது. பழைய ஆங்கிலத்தில் ‘என்னால் இயலும்’ என்றிருந்தது, இன்று ‘நான் செய்யலாமா’ என்று அனுமதி கேட்கப் பயன்படுகிறது. இயலும் என்பதிலிருந்து செய்யலாம் என்பதற்கு வந்த இந்த நகர்வை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பவருக்கும் இதே கதிதான் நேர்ந்தது.

மற்ற இடங்களிலும் பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். கிரேக்கத்தில் தூனமிஸ் என்ற சொல் ‘இயலுதல்’ என்ற வினையிலிருந்து வந்தது. டைனமோ, டைனமைட், அரச வம்சத்தைச் சொல்லும் டைனஸ்டி எல்லாம் அதன் வாரிசுகள். சமஸ்கிருத சக்திக்கும் சக் என்ற இயலுதல் வினைதான் வேர். தமிழில் வல்லமைக்கு வல் அடி. பழந்தமிழில் வல்லேன் என்றால் ‘என்னால் முடியும்’. பழைய ஆங்கிலத்தில் ஆல்மைட்டி என்பதை லத்தீனைப் பார்த்து ‘எல்லாம் இயன்றவன்’ என்று கட்டினார்கள். நாம் எல்லாம் வல்ல இறைவன் என்கிறோம்.

ஃபோர்ஸ் இந்தக் குடும்பத்தில் சேராது. அதன் வேர் ஃபோர்ட்டிஸ், உரமானவன். எனர்ஜி கிரேக்கத்தில் ‘வேலை’ என்ற சொல்லிலிருந்து கிளைத்தது. மூன்றையும் சக்தி என்றே எழுதிவிட்டுப் போகிறவர்கள் நிறைய உண்டு. அப்படி எழுதிய கட்டுரையைத் திரும்ப ஆங்கிலத்தில் கொண்டுபோக யாராலும் முடியாது.

தம்பதியும் கொடுங்கோலனும்

லத்தீன் பொட்டிஸுக்கு இந்தோ ஐரோப்பிய மொழிகளில் சொந்தபந்தம் அதிகம். சமஸ்கிருதத்தில் பதி, தலைவன், கணவன். கணபதி, பசுபதி, அதிபதி, சேனாதிபதி எல்லாவற்றிலும் இருப்பது அது. தம்பதி என்ற சொல் தம் என்ற வீட்டையும் பதியையும் சேர்த்தது. முதலில் வீட்டுத் தலைவன் என்றிருந்து, இருமை வடிவத்தில் வீட்டுக்காரர்கள் இருவரையும் குறித்தது. இதே இரண்டு உறுப்புகளைக் கிரேக்கம் சேர்த்தபோது தெஸ்பொத்தேஸ் கிடைத்தது. அங்கேயும் முதலில் வீட்டு எசமான்தான். பிறகு அடிமைகளின் எசமான், பிறகு ஆங்கிலத்தில் டெஸ்பாட், கொடுங்கோலன். கல்யாணப் பத்திரிகையில் அச்சாகிற சொல்லும் கொடுங்கோலனைத் திட்டுகிற சொல்லும் உறுப்புக்கு உறுப்பு ஒன்றே.

ஒரு எச்சரிக்கை: பதி என்று முடிகிற எல்லாவற்றையும் இதில் கொண்டுவந்து கட்டக்கூடாது. தமிழில் பதி என்றால் ஊர், இருப்பிடம் என்றும் பொருள் உண்டு. நூற்றெட்டுத் திருப்பதிகள் என்று வைணவர்கள் சொல்வது நூற்றெட்டுத் தலங்களை. அங்கே பதி தலைவன் இல்லை. ஒலி ஒத்துப்போவதை மட்டும் வைத்து வேர் சொல்வது சொற்பிறப்பு ஆய்வில் அதிகம் பேர் விழுகிற பள்ளம். முழு வடிவமும் பொருளும், அது வழங்கிய காலமும் சேர்ந்து ஒத்துவர வேண்டும்.

இயலும், செய்யலாம்

பவரை மொழிபெயர்க்கும்போது எழும் பெரிய சிக்கல், ஆங்கிலம் இரண்டு தனித்தனிக் கருத்துகளை ஒரே சொல்லில் போட்டு வைத்திருப்பது. உள்ளிருந்தே வருகிற இயலுமை ஒன்று. வெளியிலிருந்து ஒருவர் கொடுத்ததால் வருகிற உரிமை இன்னொன்று. பைபிளில் இது கண்ணாடி மாதிரி தெரியும். கிரேக்க மூலத்தில் இயலுமைக்குத் தூனமிஸ், உரிமைக்கு எக்ஸூசியா என்று இரண்டு சொற்கள். எக்ஸூசியாவின் வேர் ‘அனுமதி உண்டு’ என்ற வினை. 1611-ஆம் ஆண்டின் ஆங்கில பைபிள் பல இடங்களில் இரண்டையும் பவர் என்றே எழுதியது. தமிழ் பைபிளைத் திறந்தால் பிரிந்து நிற்கிறது. ஆண்டவர் கற்பித்த ஜெபத்தின் முடிவில் ‘ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்’ என்ற இடத்தில் மூலத்தில் தூனமிஸ். மத்தேயு 28:18-ல் ‘சகல அதிகாரமும் எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது’ என்ற இடத்தில் எக்ஸூசியா. ஆங்கில பைபிளின் பல புதிய பதிப்புகள் இந்த இரண்டாவது இடத்தில் பவரை எடுத்துவிட்டு அதாரிட்டி என்று மாற்றிக்கொண்டன. தமிழுக்கு அந்தத் திருத்தம் தேவைப்படவே இல்லை.

‘பவர்ஸ் தட் பீ’ என்று மேலிடத்தைக் குறிக்க ஆங்கிலத்தில் சற்றுக் கிண்டலாகச் சொல்வார்கள். அதுவும் பைபிளிலிருந்து வந்தது. 1526-ல் வில்லியம் டிண்டேல் ரோமர் 13:1-ஐ மொழிபெயர்த்தபோது போட்ட தொடர். தமிழில் ‘உண்டாயிருக்கிற அதிகாரங்கள்’ என்று அச்சில் இருக்கிறது. நாளிதழில் அந்தத் தொடரைக் கண்டால் மேலிடம், ஆளவந்தார்கள் என்று எழுதுங்கள். அதிகாரங்கள் என்று பன்மையில் போட்டால் திருக்குறள் அதிகாரம்தான் ஞாபகம் வரும்.

அதிகாரம் என்ற சொல்லின் அமைப்பே ‘மேலே வைத்தல்’. யாரோ வைத்தால்தான் அது உண்டு. ஆகவே மொழிபெயர்க்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்தப் பவரை யாராவது பறித்துவிட முடியுமா என்பது. ஒரு உத்தரவில், ஒரு கையெழுத்தில் போய்விடும் என்றால் அதிகாரம். போகாது என்றால் ஆற்றல், வல்லமை, வலிமை இவற்றில் ஒன்று. அடுத்த கேள்வி, அந்தப் பவர் ஒரு நாட்டை ஆளுவதா என்பது. கட்சி பவருக்கு வந்தது என்றால் தமிழில் ஆட்சிக்கு வந்தது என்போம். ‘அதிகாரத்திற்கு வந்தது’ என்று எழுதினால் தப்பில்லை, மொழிபெயர்ப்பு வாடை அடிக்கும். மூன்றாவது, அதை வாட்டில் அளக்கலாமா? அளக்கலாம் என்றால் கதை வேறு.

குதிரையும் வாட்டும்

1776-ல் ஜேம்ஸ் பாஸ்வெல் என்ற எழுத்தாளர் பர்மிங்காம் பக்கத்திலுள்ள சோஹோ தொழிற்சாலையைப் பார்க்கப் போனார். முதலாளி மேத்யூ போல்ட்டன். ஜேம்ஸ் வாட்டோடு கூட்டுச் சேர்ந்து நீராவி எஞ்சின் செய்துகொண்டிருந்தவர். உலகம் முழுக்க ஆசைப்படுகிற சரக்கை நான் இங்கே விற்கிறேன், பவர் என்றார் போல்ட்டன். எஞ்சினின் இழுவையும் அரசனின் ஆட்சியும் ஒரே சொல்லில் கிடந்ததால்தான் அந்தச் சிலேடை. தமிழில் இதை அப்படியே கொண்டுவர வழியில்லை. ஆற்றல் என்றால் பாதி போச்சு, அதிகாரம் என்றால் மறுபாதி போச்சு. பவர் என்றே விட்டுவிடுவதுதான் நேர்மை.

எஞ்சினை விற்க வேண்டுமானால் அது எத்தனை குதிரைக்குச் சமம் என்று வாங்குகிறவனுக்குச் சொல்ல வேண்டும். மில்லில் செக்கு மாதிரி சுற்றிவரும் குதிரையை வைத்து வாட் கணக்குப் போட்டார். சுற்றுப்பாதையின் ஆரம் 12 அடி. நிமிடத்துக்கு 2.4 சுற்று. இழுக்கும் விசை 180 பவுண்டு. சுற்றளவு 75.4 அடி, அதை 2.4-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 181 அடி, அதை 180-ஆல் பெருக்கினால் 32,572. ரவுண்டாக நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு என்று வைத்துக்கொண்டார். அதுதான் ஒரு ஹெச்.பி. (ஹார்ஸ் பவர்), இன்றைய அளவில் 746 வாட். ஐரோப்பாவின் மெட்ரிக் குதிரை கொஞ்சம் சோனி, 735.5 வாட்தான். கார் விளம்பரங்களில் பி.எஸ். என்று போட்டிருப்பது இந்தக் குதிரை. 100 பி.எஸ். என்றால் 98.6 ஹெச்.பி.

1882 பவருக்கு நல்ல வருஷம். அந்த ஆண்டில் வில்லியம் சீமென்ஸ் பவரை அளக்கும் அலகுக்கு வாட்டின் பெயரை வைக்கச் சொன்னார். செப்டம்பரில் நியூயார்க் பேர்ல் தெருவில் எடிசனின் மின்நிலையம் ஓடத் தொடங்கியது. இந்தியாவில் அதே ஆண்டில்தான் பவர் ஆஃப் அட்டர்னிக்கான சட்டம் வந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இயற்பியலில் தமிழ்நாட்டுப் பாடநூல் எனர்ஜியை ஆற்றல் என்றும் பவரைத் திறன் என்றும் சொல்கிறது. இலங்கைப் பாடநூலில் எனர்ஜி சக்தி, பவர் வலு. அங்கே அமைச்சின் பெயரிலேயே மின்வலு இருந்ததுண்டு. இரண்டும் சரிதான், ஆனால் ஒரே கட்டுரையில் கலக்கக்கூடாது. சென்னை வாசகருக்கு எழுதும்போது ‘மின்சக்தி 5 கிலோவாட்’ என்றால் ஆற்றலா திறனா என்று தெரியாது. யாழ்ப்பாண வாசகருக்குத் திறன் என்று எழுதினால் கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பார்.

திறன் என்பது வேகம், ஒரு நொடியில் எவ்வளவு வேலை என்பது. ஆற்றல் என்பது மொத்தத் தொகை. மின்கட்டண ரசீதில் வரும் யூனிட் ஆற்றல், அதாவது ஒரு கிலோவாட் மணி. 2000 வாட் கீசர் 15 நிமிடம் ஓடினால் அரை யூனிட். 75 வாட் பழைய சீலிங் ஃபேன் 20 மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட். திறன் குறைந்த ஃபேன் மூன்று மடங்கு ஆற்றலைத் தின்றிருக்கிறது. வீட்டில் கரண்ட் பில் எகிறும்போது எல்லோரும் கீசரையே முறைத்துப் பார்ப்பது இந்த இரண்டையும் குழப்புவதால்தான். ‘ஒரு நாளைக்கு 6 கிலோவாட் செலவாகிறது’ என்று செய்தியில் வந்தால் அது பிழை. 6 யூனிட் என்றிருக்க வேண்டும். ‘மணிக்கு இத்தனை கிலோவாட்’ என்பதும் பிழை, வேகத்துக்கு மேல் இன்னொரு வேகம் ஏற்றுகிறது. மாடியில் 5 கிலோவாட் சோலார் என்றால் அது உச்சி வெயிலில் எட்டக்கூடிய திறன். கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் என்ற கணக்கில், கிடைக்கிற ஆற்றல் 20 யூனிட்.

மோட்டாரில் இன்னொரு கண்ணி இருக்கிறது. தகட்டில் 5 ஹெச்.பி., 3.7 கிலோவாட் என்று அடித்திருப்பது தண்டில் வெளியே வருகிற திறன். மோட்டாரின் பயனுறுதிறன் (எஃபிஷியன்சி) 85 சதவீதம் என்றால் முழுச் சுமையில் கம்பியிலிருந்து அது உறிஞ்சுவது 4.4 கிலோவாட். ஜெனரேட்டர் எடுக்கிறவர்கள் 3.7-ஐப் பார்த்துக் கணக்குப் போட்டுவிட்டு, மோட்டார் கிளம்பவே மாட்டேன் என்கிறது என்று நிற்பார்கள். கிளம்புகிற சில நொடிகளில் மோட்டார் ஓட்ட மின்னோட்டத்தைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பவர் பேங்க் என்ற பெயரே தவறு. அது சேமிப்பது பவரை அல்ல, எனர்ஜியை. 10,000 மில்லியாம்ப் மணி என்று பெரிதாக அச்சடித்திருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. 37 வாட் மணி. அதை 5 வோல்ட்டுக்கு ஏற்றி வெளியே விடும்போது 7,400 ஆகிவிடும், மாற்றும்போது வீணாகிற சூட்டையும் கழித்தால் இன்னும் குறையும். ஏமாற்றிவிட்டார்கள் என்று கடைக்காரரோடு சண்டை போடுவதற்கு முன்னால் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் வாட் மணியைப் பார்க்கலாம். அதுதான் உண்மையான எண். விமானத்தில் எடுத்துப்போக 100 வாட் மணி வரம்பு என்று கேட்பதும் இந்த எண்ணைத்தான்.

எலக்ட்ரீஷியன் வாயில் பவர் பாயின்ட் என்றால் பெரிய பிளக். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மின்சாரம் வீட்டுக்கு வந்தபோது விளக்குக்கு ஒன்று, எந்திரம் ஓட்ட இன்னொன்று என்று லைட், பவர் இரண்டையும் பிரித்துப் பேசினார்கள். மேற்கே பல கம்பெனிகளின் பெயரிலேயே இரண்டும் சேர்ந்து வரும். அந்தப் பிரிவினை நம் சுவர்களில் இன்னும் இருக்கிறது. 6 ஆம்பியர் சாக்கெட்டில் 230 வோல்ட்டுக்கு அதிகபட்சம் 1380 வாட். 16 ஆம்பியர் பவர் சாக்கெட்டில் 3680 வாட். 1000 வாட் அயர்ன் பாக்ஸுக்குச் சின்னது போதும். 2000 வாட் கீசரை மாற்றுப் பின் போட்டுச் சின்னதில் செருகினால் 8.7 ஆம்பியர் ஓடும். முதல் நாள் ஒன்றும் ஆகாது. தொடுமுனை சூடாகிச் சூடாகி ஸ்பிரிங் தளரும், தளர்ந்த இடத்தில் இன்னும் சூடேறும், பிறகு பிளாஸ்டிக் பழுப்பேறிக் கருகும் வாடை வரும்.

கண்ணுக்குப் பவர்

‘கண்ணு பவர் ஏறிடுச்சு’ என்று சொன்னால் கண் கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தம். வேறெதற்குப் பவர் ஏறினாலும் சந்தோஷப்படுவோம். இந்தக் குழப்பம் எண் யாருடையது என்று தெரியாததால் வருவது. சீட்டில் எழுதியிருப்பது கண்ணின் பவர் அல்ல, கண்ணாடியின் பவர். ஒளியை வளைக்க அந்தக் கண்ணாடியால் எவ்வளவு முடியும் என்பது. மீட்டரில் குவியத் தூரத்தை எடுத்து, 1-ஐ அதனால் வகுத்தால் டயாப்டர் வரும். இந்த அலகை 1872-ல் சொன்னவர் பிரெஞ்சுக் கண் மருத்துவர் ஃபெர்டினான் மொனொயே. ப்ளஸ் 2 என்றால் அரை மீட்டரில் குவிக்கும்.

மனிதக் கண்ணுக்கும் பவர் உண்டு, மொத்தம் ஏறத்தாழ 60 டயாப்டர். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் முன்புறத்துக் கருவிழிப் படலம் பார்த்துக்கொள்கிறது. கிட்டப்பார்வைக்காரருக்குக் கண்ணில் பவர் குறைவு என்று நினைப்பது தலைகீழ். அவருடைய கண்ணின் நீளத்துக்கு அந்தப் பவர் அதிகம். விழி ஒரு மில்லிமீட்டர் நீண்டாலே மைனஸ் இரண்டரை, மூன்று வந்து நிற்கும். விழித்திரைக்கு முன்னாலேயே படம் குவிந்துவிடுகிறது. அதிகப்படியைக் கழிக்கத்தான் மைனஸ் கண்ணாடி. மைனஸ் 3 உள்ளவர் கண்ணாடியைக் கழற்றினால் 33 சென்டிமீட்டர் வரைக்கும் தெளிவாகத் தெரியும், அதற்கப்பால் மங்கும். 1-ஐ 3-ஆல் வகுத்த கணக்குதான்.

கணிதத்தில் அடுக்கு என்று படிக்கிற பவரும் இந்த வினையிலிருந்து தப்பவில்லை. கிரேக்கர்கள் ஒரு கோட்டின் தூனமிஸ் என்றால் அந்தக் கோட்டால் எந்தச் சதுரத்தை உண்டாக்க முடியும் என்று பார்த்தார்கள். லத்தீனில் பொட்டென்ஷியா ஆகி, 1570-ல் ஹென்றி பில்லிங்ஸ்லி யூக்ளிடின் வடிவியல் நூலை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தபோது பவர் ஆயிற்று. கனமும் அதற்கு மேலும் பிற்பாடு சேர்ந்துகொண்டன.

பவர் எழுதிக் கொடுத்தல்

பத்திர எழுத்தரிடம் பவர் என்றால் வேறு விளக்கமே வேண்டாம், பொது அதிகார ஆவணம். அட்டர்னி என்பதும் பிரெஞ்சுதான், ‘நியமிக்கப்பட்டவர்’. என் இடத்தில் நின்று இன்னின்னதைச் செய்ய இவரால் முடியும் என்று ஒருவர் எழுதிக் கொடுக்கிறார். இங்கே ‘முடியும்’ என்ற வேரை மறந்தால் நிலம் போய்விடும். முடியும் என்பது செய்யும் தகுதி, உடைமை அல்ல. பவர் வாங்கியவர் சொந்தக்காரர் ஆவதில்லை. பவர் பத்திரத்தையும் ஒரு உடன்படிக்கையையும் கையில் வைத்துக்கொண்டு மனை வாங்கிவிட்டதாக நினைத்தவர்கள் நாடு முழுக்க இருந்தார்கள். அப்படிக் கைமாறுவது உரிமை மாற்றம் ஆகாது, பதிவு செய்த கிரயப் பத்திரம் வேண்டும் என்று 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அடித்துச் சொல்லிவிட்டது.

எழுதிக் கொடுத்தவர் இறந்தால் பவரும் சாகும். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 201ஆம் பிரிவு. முகவருக்கு அந்தச் சொத்திலேயே நலன் இருந்தால் 202ஆம் பிரிவு விலக்குத் தரும், ஆனால் அது நிரூபிக்க வேண்டிய விஷயம். பவர் ஏஜென்ட் கையெழுத்தில் வாங்கும்போது பார்க்க வேண்டியவை: எழுதிக் கொடுத்தவர் இன்று உயிரோடு இருக்கிறாரா, பவர் ரத்தாகவில்லையா, விற்கும் அதிகாரம் வாசகத்தில் தெளிவாக இருக்கிறதா, சர்வே எண் சரியா. நிர்வகிக்கவும் வாடகை வசூலிக்கவும் மட்டும் கொடுத்த பவரில் விற்க முடியாது. பணத்தைப் பெற்றுக்கொள்ளும் அதிகாரம் தனியே சொல்லப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். அது இல்லாத பத்திரத்தை வைத்துக்கொண்டு ஏஜென்ட் கையில் மொத்தப் பணத்தையும் கொடுத்தவர்கள் பிறகு நீதிமன்றத்துக்கு நடப்பார்கள்.

நாடுகளைப் பவர் என்பது ஆங்கிலத்தில் பதினெட்டாம் நூற்றாண்டில் நன்றாக ஊன்றிய வழக்கு. சூப்பர் பவர் என்பதை 1944-ல் வில்லியம் ஃபாக்ஸ் நூல் தலைப்பாகவே போட்டார். ஆனால் 1920-களின் அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருளும் இருந்தது: பாஸ்டன் தொடங்கி வாஷிங்டன் வரை மின்நிலையங்களை ஒன்றாகப் பிணைக்கும் திட்டத்தை அப்படித்தான் அழைத்தார்கள். அந்தக் காலத்து ஆவணத்தில் சூப்பர் பவரைக் கண்டால் வல்லரசு என்று எழுதிவிடாதீர்கள்.

கடைசியாக, ஆங்கிலத்தில் வழங்காமல் நாமே உண்டாக்கிக்கொண்ட பவர் ஒன்று இருக்கிறது. மருந்துக் கடையில் ‘பவர் ஜாஸ்தி மாத்திரையா’ என்று கேட்கிறோம். ஆங்கிலத்தில் இதற்கு ஸ்ட்ரெங்த் என்பார்கள், மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் மருந்து என்று பொருள். நம் கேள்வியில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. ஒரே மருந்துக்குள் 500-ஐ விட 650 அதிகம், சரி. வேறு வேறு மருந்துகளுக்கிடையே அந்த எண்ணை வைத்து ஒப்பிடவே கூடாது. இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் 5 மில்லிகிராமிலேயே வேலை செய்கிறது, பாராசிட்டமாலுக்கு 500 வேண்டியிருக்கிறது. 5 என்று போட்டிருக்கிறது, சின்னப் பவர்தான் என்று இரண்டாக விழுங்கினால் தலை சுற்றி விழ நேரும்.